மைனஸ் நூத்திப் பத்து டிகிரி நீராவி

வாங்க அம்மணி, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, சித்த ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் காத்து வருதுங்களா? ஓசூர்ல இருந்து இதுக்குன்னே கெளம்பி வந்தீங்களாக்கும். போன்ல கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன். ஓ, எழுத்துல வேணுமுங்களா. சரிங்க.

குழந்தைவேலு உங்க கம்பெனில வேலைக்குக் கேட்டிருக்கறாருன்னு நீங்க சொன்னதும் எனக்கு நெம்ப சந்தோசமுங்க. அவரு எங்கிட்ட வேலைக்கு இருந்தவருன்னு மட்டுந்தான் உங்க பேப்பர்ல இருக்கும். அவரு என்ற தங்கச்சி சாந்தாமணியோட ஊட்டுக்காரரு. எனக்கு மாப்பிள்ளை. பதினெட்டு வருசம் இதே ரூம்ல, அந்தா அந்த ஜன்னலோரம் உக்காந்து வேலை பார்த்தாரு. அவரு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுவாரு. நான் பார்ட்டிகிட்டப் பேசி வேலை புடிப்பேன், ரிப்போர்ட்டைப் படிச்சுக் கையெழுத்துப் போடுவேன். மத்தியானம் ரெண்டு டிபன் கேரியரையும் ஒன்னாத் தொறந்து சாப்புடுவோம். அவரு ஊட்டுக் கொழம்பு என்ற தங்கச்சி வெச்ச கொழம்புங்கறதால அது எனக்கு, எங்கூட்டுக் கொழம்பு அவருக்கு. அப்பிடி இருந்தோமுங்க.

நீங்க கேக்கறது ஒரே கேள்விதான். அந்த எண்ணெய் மில்லு ரிப்போர்ட்ல இருந்து ஒரு பக்கத்தை எடுத்தது யாரு? மாப்பிள்ளை தானா எடுத்தாரா, இல்ல மேல இருக்கறவன் சொல்லி எடுத்தாரா? தானா மறைச்சிருந்தா வேலை இல்லை. சொல்லி எடுத்ததுன்னா வேலை உண்டு. நாயமான கேள்விதானுங்க, நான் தப்புன்னு சொல்லலை. ஆனா இதை ஒரு வரில சொல்ல முடியாது. மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

நீங்க இஞ்சினியருங்களா, ஆபீஸ் பக்கமா? ஆளெடுக்கற பக்கமா. அப்ப சித்த வெளக்கமாச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

காங்கேயம் பக்கம் ஒரு தவிட்டெண்ணெய் மில்லு. பேரு வேண்டாம். எண்ணெயில இருக்கற வாடையை எடுக்கறதுக்குப் பாத்திரத்துக்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சோணும். அதுக்குப் பம்ப் வெக்க மாட்டாங்க, நீராவியையே ஒரு நாசில் வழியாப் பீய்ச்சி விடுவாங்க. நாசில்னா ஒன்னுமில்லீங்க, நடுவுல இடுப்பு சிறுத்து அப்பறம் அகலமாகற ஒரு குழாய். அந்த வேகத்துல ஆவி போறப்ப பக்கத்துல இருக்கறதையும் இழுத்துட்டுப் போயிரும். அந்த நாசிலோட அளவைச் சொல்றதுதான் எங்க வேலை. பட்டறையில உருக்கைக் கடையறதுக்கு முன்னால நாங்க கம்ப்யூட்டர்ல ஆவியை ஓட்டிப் பாத்துருவோம்.

அப்பிடி ஓட்டறப்ப கம்ப்யூட்டரு மொதல்ல ஒன்னு கேக்கும். உள்ள போறது என்ன சாமான்? ஒரு பட்டியல் வரும், அதுல ஒன்னைத் தொடோணும். ஐடியல் கேஸ்னு ஒன்னு இருக்கு. அதைத் தொட்டா ஆவியை வெறும் காத்தாட்ட நெனச்சுக்கும். சுட்டாலும் காத்து, குளுந்தாலும் காத்து, என்ன ஆனாலும் தண்ணியாகாது. கணக்கு ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுரும். இன்னொன்னு நெசமான நீராவி. எந்தச் சூட்டுல எப்ப நனையும், நனையறப்ப எவ்வளவு சூட்டைத் திருப்பிக் குடுக்கும், எல்லாம் பாத்துப் பாத்துப் போடும். அது ஒரு ஓட்டத்துக்கு ஒன்னரை நாளாகும். அதுவும் பாதியில மொரண்டு புடிச்சு நின்னா மறுபடி மொதல்ல இருந்து.

மில்லுக்காரங்க குடுக்கறது சூப்பர்ஹீட் நீராவி. பத்து கிலோ பிரஷர், எரநூறு டிகிரி. அப்பிடின்னா கொதிநெலைக்கு மேலயும் சூடேத்துன ஆவி, பொட்டு ஈரம் இருக்காது. காஞ்ச ஆவி காத்தாட்டத்தான் நடக்கும்னு நான் காலேஜ்ல படிச்சது. அதுக்கு முன்னால முப்பது, முப்பத்தஞ்சு நாசில் இதே ஐடியல் கேஸ்ல போட்டிருக்கறோம். ஒன்னும் திரும்பி வந்ததில்லை. அதனால ஐடியல் கேஸ் போடுங்க மாப்பிள்ளைன்னேன். யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க.

அவரு போட்டாரு. சாயங்காலம் ஒரு கலர்ப் படத்தைப் பிரிண்ட் எடுத்து என்ற மேசை மேல வெச்சுட்டு நின்னாரு. அது வெப்பநெலைப் படம். நாசில்ல உள்ள வர்ற எடத்துல நல்ல செவப்பு, வெளிய போற எடத்துல கருநீலம். பக்கத்துல நம்பரு போட்டிருக்கும் பாருங்க, மைனஸ் நூத்திப் பத்து டிகிரி.

நான் சிரிச்சுட்டேனுங்க. நெசமா. நீராவி மைனஸ் நூத்திப் பத்து டிகிரில, ஐஸ்கிரீமை விட எச்சாக் குளுந்து போயிட்டிருக்குது. மாப்பிள்ளை சிரிக்கலை.

"மச்சான், உள்ள வர்றப்ப காஞ்சதுதான். ஆனா இந்த நாசில் வெளிய விடறது வெற்றிடத்துக்கு. இத்தனை நாள் நாம போட்டதெல்லாம் அவ்வளவு தூரம் பிரஷர் எறங்காத நாசிலு. இதுல இடுப்பைத் தாண்டுனதும் ஆவி நனைய ஆரம்பிச்சுரும். ஸ்டீம் டேபிள் புஸ்தகத்தை வெச்சுக் கையால போட்டுப் பாத்தேன். வெளிய வர்றப்ப நாப்பத்தேழு டிகிரி, அஞ்சுல ஒரு பங்கு தண்ணி. கம்ப்யூட்டரு சொல்ற இந்த அளவுல வாயகலம் வெச்சா ஒழுங்கா உறிஞ்சாது. நெசமான நீராவியில ஓட்டறேன். பன்னெண்டு நாளு குடுங்க"ன்னாரு.

பன்னெண்டு நாளுக்கு நான் எங்க போவேன்? ஆடி பொறக்க ஒம்பது நாளுதான் இருந்துச்சு. மில்லு மொதலாளி ஆடில புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாரு. வரைபடத்தை ஆனி முடியறதுக்குள்ள குடுத்து, பட்டறைல கடைசல் பூசை போட்டுரோணும். இல்லாட்டி ஆவணிதான். அதுக்குள்ள வேற எவனாவது புகுந்து வேலையைத் தட்டிட்டுப் போயிருவான். எங்க தொழில்ல இது எல்லாருக்குந் தெரியும். ஆனி கடைசில எல்லாருமே ஓட்டமாத்தான் ஓடுவோம்.

அதனால நான் சொன்னேன். "மாப்பிள்ளை, பார்ட்டிக்கு வேணுங்கறது உறிஞ்சுதா, ஆவி எவ்வளவு செலவாகுதுங்கறதுதான். ஆவி குளுந்துச்சா சுட்டுச்சான்னு அவரு கேக்கலை. வெப்பநெலைப் பக்கத்தை எடுத்துட்டு மத்ததைக் கட்டிக் குடுங்க."

இவ்வளவுதானுங்க நான் சொன்னது. ஒரு மொதலாளி ஒரு நாளைக்கு இந்த மாதிரி இருவது சொல்லுவான். எதையாவது சேர்த்துக்க, எதையாவது விட்டுருன்னு. நான் மறைங்கன்னு சொல்லலை. எடுத்துருங்கன்னேன். ரெண்டும் ஒன்னுங்களா?

மாப்பிள்ளை, "இது எடுக்கற பக்கமில்லீங்க மச்சான்"ன்னாரு. நான் போன்ல பேசிட்டிருந்தேன். அவரு போயி எடுத்துட்டாரு. எடுத்தவரு முன்னால இருக்கற உள்ளடக்கத்துல இருந்து அந்த வரியை அடிக்க மறந்துட்டாரு. வெப்பநெலைப் பரவல், பக்கம் பதினாலு. அது அங்கயே இருந்துச்சு. வேணும்னே விட்டாரோன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு சந்தேகம் உண்டுங்க. அப்பிடி இருக்காது. அவரு அந்த மாதிரி ஆளில்லை.

ஆவணில நாசிலை மாட்டுனாங்க. காத்தால நல்லா உறிஞ்சும், பொழுது ஏற ஏற விட்டுரும். எண்ணெய் வாடை போகலை. வாங்குனவங்க டேங்கர் டேங்கராத் திருப்பி அனுப்பிச்சாங்க. அஞ்சு மாசத்துல கழட்டிப் பார்த்தா நாசிலோட வாய்ப்பக்கம் எறும்பு அரிச்ச மாதிரி இருக்குது. தண்ணித் துளிங்க. ஈரமே கெடையாதுன்னு நாங்க எழுதிக் குடுத்த ஆவில அத்தனை தண்ணி.

மொதலாளி எங்க ரெண்டு பேரையும் மில்லுக்குக் கூப்புட்டாரு. பக்கத்துல திருச்சியில இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு பாய்லர் இஞ்சினியரை உக்கார வெச்சிருந்தாரு. பெரியவரு கோவமாவெல்லாம் பேசலை. ரிப்போர்ட்டை மொதல் பக்கத்துல இருந்து ஒவ்வொன்னாத் திருப்புனாரு. பதிமூனு வந்துச்சு, அடுத்தது பதினஞ்சு. உள்ளடக்கத்துக்குத் திரும்பிப் போயி வெரலை வெச்சுட்டு, "பதினாலாம் பக்கம்னு போட்டிருக்கு, காணோமே. யார் எடுத்தது?"ன்னாரு.

நான் என்ற மூக்குக் கண்ணாடியைத் தொடச்சுட்டிருந்தேனுங்க. மில்லுக்குள்ள நடந்து வந்ததுல கண்ணாடில ஆவி படிஞ்சிருந்துச்சு. தொடச்சு மாட்டிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். என்ன சொல்லியிருப்பேன்னு இப்பத் தெரியலை. அதுக்குள்ள மாப்பிள்ளை, "நான்தானுங்க எடுத்தேன்"ன்னுட்டாரு.

நான் சொல்லச் சொன்னேனுங்களா? ஒரு கண்ணு கூடக் காட்டலை. தவறிப் போயி விட்டுப்போச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட முடிஞ்சிருக்கும். எடுத்தேன்னாரு. பெரியவரு, "படத்தைப் பாத்துட்டுத்தான் எடுத்தீங்களா?"ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னாரு. அவரு அப்பறம் மாப்பிள்ளை முகத்தையே பார்க்கலை. கூட்டக் குறிப்புல எழுதச் சொன்னாரு. இது தெரியாம செஞ்ச தப்பில்லை, தெரிஞ்சு மறைச்சதுன்னு. பேரோட. அந்தக் குறிப்புதான் உங்க ஓசூர் வரைக்கும் வந்திருக்குது பாருங்க. நாலு வருசமா போற எடமெல்லாம் அவருக்கு முன்னால அது போயி நிக்குது.

திரும்பி வர்றப்ப அவருதான் கார் ஓட்டுனாரு. பல்லடம் தாண்டுனோம். அப்பறம் அவரே சொன்னாரு. "மூனு வாரத்துல பாப்பா கல்யாணம். இப்ப உங்க பேரு அடிபட்டா சம்பந்தி ஊட்டுல என்ன நெனைப்பாங்க. கல்யாணம் முடியட்டும் மச்சான். அப்பறமா நடந்ததை நடந்தபடி ஒரு லெட்டரு எழுதி மில்லுக்குக் குடுத்துருங்க."

பாப்பான்னா என்ற மக. சம்பந்தி பம்ப் பவுண்டரி வெச்சிருக்கறாரு, பெரிய எடம். மாப்பிள்ளை சொன்னது சரிதானுங்களே. எழுதறேன்னேன். நெசமாத்தான் சொன்னேன்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. மாப்பிள்ளையும் சாந்தாமணியும் மூனு நாளு மண்டபத்தை விட்டு நகரலை. திங்கக்கெழமை ரெண்டு பேரும் ஆபீஸ் வந்தோம். அவரு லெட்டரைப் பத்திக் கேக்கலை. அந்த வாரம் பூராக் கேக்கலை. கேட்டிருந்தா எழுதியிருப்பேனுங்க. கேக்காத மனுசனுக்கு நானா எப்பிடி ஆரம்பிக்கறது? அப்பறம் பொண்ணுக்கு மறுவீடு, தலைதீபாவளி, வளைகாப்புன்னு ஒன்னு மேல ஒன்னு வந்துட்டே இருந்துச்சு. அதுக்கு நடுவுல சம்பந்தியே எங்களுக்கு வேலை குடுக்க ஆரம்பிச்சுட்டாரு. இன்னைக்கு இந்த ஆபீஸ் ஓடறது பாதி அவராலதான். மனசுக்குள்ள எத்தனை தடவை எழுதியிருப்பேன்னு கணக்கில்லை. குளிக்கறப்ப எழுதுவேன், வண்டி ஓட்டறப்ப எழுதுவேன்.

அதுக்குள்ள பேச்சுப் பரவிருச்சு. வர்ற பார்ட்டியெல்லாம் எங்க கணக்கை அவரு தொடக் கூடாதுங்கறான். நான் என்ன பண்றது? நீங்க கூட்டத்துக்கு வர வேண்டாம், உள்ளயே இருந்து போடுங்கன்னேன். அதுக்கும் கேட்டான், கணக்குப் போட்டவரு பேரு யாருன்னு. சரின்னு ரிப்போர்ட்ல அவரு பேரை எடுத்துட்டேன். அவரு மனசு நோகாம இருக்கறதுக்குத்தான் எடுத்தேன். கணக்கு அவரோடது, பேரு என்னோடது. ஒரு எட்டு மாசம் அப்பிடி ஓடுச்சு.

ஒரு நாளு மத்தியானம் ரெண்டு கேரியரையும் தொறந்து வெச்சுட்டுக் கூப்புட்டேன். அவரு தன்னோடதை மட்டும் எடுத்துட்டுப் போயி ஜன்னலைப் பாத்து உக்காந்து சாப்புட்டாரு. அடுத்த நாளுல இருந்து வரலை. சண்டை போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேனுங்க. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை. இப்பவும் இந்த ரூம்ல தனியா உக்காந்து சாப்புடப் புடிக்கறதில்லை. ஊட்டுக்குப் போயிருவேன்.

இப்ப திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறைல பாய்லர் பக்கத்துல நிக்கறாருங்க. மணிக்கு ஒருக்கா பிரஷர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு நோட்டுல எழுதற வேலை. நாசிலுக்குள்ள ஆவி எந்த எடத்துல நனையும்னு கைக்கணக்குல சொன்ன மனுசன். ஐம்பத்திரண்டு வயசாச்சு. ஒரு தடவை அந்தப் பக்கம் போறப்ப கேட் பக்கத்துல நின்னு பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டிருந்தாரு. நான் கூப்புடலை. வேலை நேரம் பாருங்க.

சாந்தாமணி ஒரே ஒரு தடவை வந்தா. எங்கூட்டு வாசல்ல செருப்பைக் கூடக் கழட்டாம நின்னா. "அண்ணா, அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னது யாரு?"ன்னா. எல்லாந் தெரிஞ்சுட்டுத்தான் கேக்கறா. நான், "உள்ள வா சாமி, சாப்புட்டுட்டுப் பேசலாம்"ன்னேன். அவளுக்குப் புடிச்ச கச்சாயம், வெல்லப் பலகாரமுங்க, அன்னைக்குச் சுட்டிருந்தாங்க. "நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் உள்ள வர்றேன்"ன்னா. வாசல்ல வெச்சு என்னத்தைச் சொல்றது, எதுத்த ஊட்டுக்காரங்க பாத்துட்டிருக்கறாங்க. அவ திரும்பிப் போயிட்டா. எங்க அம்மா போனதுக்கப்பறம் அவளை வளத்தது நான்தானுங்க. தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிச்சதெல்லாம் நான். ரெண்டரை வருசமாச்சு அவ கொரலைக் கேட்டு. கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன். நீங்க தப்பா நெனைச்சுக்காதீங்க, சித்த இருங்க.

ம். சரியாப் போச்சு.

உங்ககிட்ட இப்பிடி வெளிப்படையாச் சொன்ன மாதிரி இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. எங்கூட்டுக்காரிக்குக் கூட முழுசாத் தெரியாது. பாரம் எறங்குன மாதிரி இருக்குது. ஆமாங்க, நான்தான் எடுக்கச் சொன்னேன். அதுக்கென்ன. நீங்க போயி உங்க மேனேஜருகிட்டச் சொல்லுங்க.

வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாக்கும். சரி, குடுங்க அந்த ஃபாரத்தை. எழுதறேன். இன்னைக்கு விட்டா எப்ப எழுதறது. பேனா இருக்குதுங்க, இருக்கட்டும்.

இது அவரு எழுதுனதுங்களா? மாப்பிள்ளை கையெழுத்துதான். எப்பவும் இப்பிடித்தான், அச்சாட்ட இருக்கும். என்ன எழுதியிருக்கறாரு பார்க்கலாம். பக்கத்தை எடுத்தது யாரு, விண்ணப்பதாரர் பதில். 'நானே எடுத்தேன். வேறு யாரும் சொல்லவில்லை.'

இப்பவுங்களா? வேலை வேணும்னு கேக்கற எடத்துலயுமா இப்பிடி எழுதியிருக்கறாரு?

பாத்தீங்களா அம்மணி. இப்ப நான் என்ன பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் கீழ வேற மாதிரி எழுதுனா என்னாகும்? மேல அவரு ஒன்னு சொல்றாரு, கீழ நான் ஒன்னு சொல்றேன். உங்க மேனேஜரு பாத்தா, இந்தாளு ஃபாரத்துலயே பொய் எழுதியிருக்கறான்னுதானே நெனைப்பாரு? ஏற்கனவே மறைச்சவன்னு பேரு. அதுமேல பொய்யன்னும் ஆயிரும். அவரு வாயால ஒத்துக்கிட்டதை நான் மாத்தி அவரைப் பொய்யனாக்கறதா? என்ற தங்கச்சி புருசனுங்க. அதை நான் செய்ய மாட்டேன்.

நான் ஒன்னு பண்றேன். இவரைப் போல நாணயமான ஆளு, கணக்குல கெட்டிக்காரரு, பதினெட்டு வருசம் பக்கத்துல இருந்து பாத்திருக்கறேன், நெம்ப நல்ல மனுசருன்னு எழுதித் தர்றேன். ஒரு பக்கம் பூராக் கூட எழுதறேன். வெவரம் புரிஞ்சவங்களுக்கு அது போதுமுங்க. புரிஞ்சுக்குவாங்க.

அப்பிடிப் பாக்காதீங்க. எங்க கையெழுத்து? இந்தக் கட்டத்துலயா, 'விண்ணப்பதாரர் மேலே கூறியது உண்மை'ங்கறதுக்கு நேரா? போட்டாச்சு. தேதியும் போட்டுட்டேன்.

அவரைப் பார்த்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மணி. உங்க மச்சான் ஒரு எழுத்துக் கூட மறுத்துப் பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்தாருன்னு. கேட்டாச் சந்தோசப்படுவாரு.